தாளத்துக்குப் பிந்தி வரும் இடது கால்

பிரபு, இதைக் கம்பெனி பஸ்ஸில் உட்கார்ந்து படிக்காதே. ரூமுக்குப் போய், சாப்பிட்டு முடித்து, கதவைச் சாத்திக்கொண்டு படி. போனிலேயே சொல்லிவிடலாம் என்றுதான் இத்தனை நாளும் பார்த்தேன். நீ "என்னம்மா, சீக்கிரம் சொல்லு, ஷிஃப்டுக்கு டைம் ஆகுது" என்பாய். நான் மழையைப் பற்றியும் மண்டபத்துச் சமையல்காரரைப் பற்றியும் பேசிவிட்டு வைத்துவிடுவேன். இன்று காலையோடு அந்த விளையாட்டு முடிந்தது. எனக்கு வந்திருக்கும் ஒரு வியாதி உனக்கும் இருக்கலாம். இருக்கிறதா இல்லையா என்று நீ பார்க்க வேண்டும், கல்யாணத்துக்கு முன்னால் கௌசல்யாவிடம் சொல்லவும் வேண்டும். விஷயம் இவ்வளவுதான். இதை முதலிலேயே எழுதிவிட்டேன். நடுவில் கோபம் வந்து மடித்து வைத்துவிடுகிற ஆள் நீ. மடித்து வைத்தாலும் இது உன் காதில் விழுந்திருக்கும்.

இதை நான் என் ஸ்கேட்டிங்கிலிருந்துதான் சொல்லிக்கொண்டு வர வேண்டும். சிரிக்காதே. முதல் தடவை சொன்னபோது நீ சிரித்த சிரிப்பு இன்னும் என் காதில் இருக்கிறது. "அம்மா, இந்த வயசுல இடுப்பு ஒடிஞ்சா லீவு போட்டுட்டு நான்தாம்மா வரணும்" என்றாய். அப்படிச் சொன்னவன்தான் அடுத்த வாரமே ஹெல்மெட்டும் முட்டிக்குப் போடும் பேடும் கூரியரில் அனுப்பினாய். ஷெட்டில் உப்புப் பாக்கெட் போடுகிற பெண்கள் எல்லாரும் வேலையை விட்டுவிட்டுச் சுற்றி நின்று பெட்டியைப் பிரித்தார்கள். நான் ஸ்கூட்டி வாங்கப் போகிறேன் என்று நினைத்துக்கொண்டார்கள். அந்த ஹெல்மெட்டை நான் எவ்வளவு நேரம் கையில் வைத்துக்கொண்டிருந்தேன் என்று உனக்குத் தெரியாது. உன் அப்பா போன பிறகு எனக்கென்று யாரும் எதுவும் அளவு பார்த்து வாங்கியதில்லை.

நான் பாண்டிச்சேரியில் சிஸ்டர்கள் நடத்திய ஹாஸ்டலில் தங்கிப் படித்தவள் என்பது உனக்குத் தெரியும். அங்கே ஒரு தகரப் பெட்டி நிறைய ஸ்கேட்டுகள் கிடந்தன, யாரோ வெளிநாட்டுக்காரர்கள் கொடுத்துவிட்டுப் போனவை. இரும்புத் தட்டில் நாலு சக்கரம், செருப்போடு சேர்த்து வாரால் இறுக்கிக் கட்ட வேண்டும். பேஸ்கட்பால் கோர்ட்டின் சிமெண்ட் தரையில் சாயந்திரமானால் அதைக் கட்டிக்கொண்டு ஓடுவேன். படிப்பில் நான் சுமார்தான். பாட்டு வராது, கையெழுத்து கோழி கிளறியது மாதிரி இருக்கும். சக்கரத்தில் ஏறிவிட்டால் மட்டும் என்னைப் பிடிக்க ஹாஸ்டலில் ஆள் கிடையாது. பிளஸ் டூ முடித்து ஊருக்கு வந்தேன், அத்தோடு போனது. மரக்காணத்தில் சக்கரம் உருட்ட ஏது இடம்? ஒரு பக்கம் மணல், ஒரு பக்கம் உப்புச் சேறு, நடுவில் லாரி ஓடுகிற ரோடு. கல்யாணம், நீ, உப்பு ஷெட் வேலை என்று முப்பது வருஷம் ஓடிவிட்டது. எனக்கு ஒரு காலத்தில் ஸ்கேட்டிங் தெரியும் என்று உன் அப்பாவிடம்கூட நான் சொன்னதில்லை. சொல்லி என்ன ஆகப் போகிறது என்றுதான்.

ஸ்கேட்டிங்குக்குத் திரும்பியது போன வருஷத்து மழைக்காலத்தில். ஐப்பசி மழை பிடித்ததும் உப்பளம் முழுக்கத் தண்ணீர் நின்றுவிடும், தை வரைக்கும் யாருக்கும் வேலை இருக்காது. ஷெட்டைக் காலி செய்து, தரையை நல்ல தண்ணீர் ஊற்றிக் கழுவி, சாவியை என்னிடம் கொடுத்துவிட்டு முதலாளி போய்விடுவார். வழவழவென்று அவ்வளவு பெரிய தரை சும்மா கிடந்தது. போனில் என் வயசுப் பெண்கள் சக்கரம் கட்டிக்கொண்டு ஆடுகிற வீடியோக்களைப் பார்த்துப் பார்த்து எனக்குப் பைத்தியம் பிடித்திருந்தது. ஆன்லைனில் ஷூ மாதிரி ஒரு ஜோடி வாங்கினேன். முதல் நாள் எழுந்து நின்ற வேகத்திலேயே பின்பக்கமாக உட்கார்ந்தேன். அந்தக் காலி ஷெட்டில் நான் தனியாகச் சிரித்த சிரிப்பைக் கேட்டிருந்தால் நீ என்னை டாக்டரிடம் கூட்டிப் போயிருப்பாய்.

தை பிறந்ததும் பாண்டியில் ஞாயிற்றுக்கிழமை கிளாஸில் சேர்ந்தேன். சொல்லிக் கொடுக்கிற ரஞ்சனிக்கு உன்னைவிட வயசு கம்மி. சும்மா ஓடுவது ஸ்கேட்டிங் இல்லை, ஆடுவதுதான் என்பாள். ஒவ்வொரு ஊரிலும் ஒவ்வொரு ஸ்டைல் இருக்கிறதாம். ஒன்றில் கால்மேல் கால் மாற்றி மாற்றிப் பின்னிக்கொண்டே பக்கவாட்டில் போக வேண்டும். ஒன்றில் இரண்டு பாதங்களையும் உள்ளேயும் வெளியேயும் திருப்பிக்கொண்டே பின்னால் போக வேண்டும். ஒன்றில் நின்ற இடத்திலேயே சுற்ற வேண்டும். கடைசி கால் மணி நேரம் நம் ஊர்ப் பறை அடியைப் போட்டுவிட்டு, "இப்ப ஸ்டைல் எல்லாம் மறந்துடுங்க, உங்க ஊர்ல சாமி ஊர்வலத்துல எப்பிடி ஆடுவீங்களோ அப்பிடி ஆடுங்க ஆன்ட்டி" என்பாள். சக்கரத்தின் மேல் நின்று குத்து ஆடுகிற சுகம் இருக்கிறதே, அதை எழுதத் தெரியவில்லை எனக்கு. அந்தச் சில மாதங்கள் நான் சந்தோஷமாக இருந்தேன் பிரபு. அதை நீ தெரிந்துகொள்ள வேண்டும் என்பதற்காகவே இவ்வளவு எழுதுகிறேன்.

பிறகு விழ ஆரம்பித்தேன். விழுவது புதிதில்லை, எல்லாரும் விழுவார்கள். நான் இடது பக்கமாக மட்டும் விழுந்தேன். பின்னால் போகும்போது இடது கால் தரையைத் தேடிக்கொண்டு நின்றது. ஷெட்டில் மூட்டையெல்லாம் ஏற்றி அனுப்பிய பிறகு தரையில் ஒரு கல் உப்பு கிடந்தாலும் போதும், சக்கரம் அதில் மாட்டி ஆளைத் தூக்கிப் போடும். அதனால் உப்பின் மேல்தான் எனக்குச் சந்தேகம். பெருக்கினேன், துடைத்தேன், முட்டி போட்டுத் தரையோடு கண்ணை வைத்துப் பார்த்தேன். அடுத்து சக்கரத்தின் மேல் சந்தேகம். இடதைக் கழற்றி வலதில் மாட்டினேன், எண்ணெய் விட்டேன். எதை மாற்றினாலும் இடது பக்கம்தான். ஷெட் தகரக் கூரை, சக்கரச் சத்தம் மேலே போய்த் திரும்பி வரும். வலது கால் சத்தம் வரும். அப்புறம் ஒரு சின்ன இடைவெளி. அதற்கப்புறம் இடது கால். அந்த இடைவெளியை நான் காதால் கேட்டேன். மாதம் போகப் போக அது பெரிதாகிக்கொண்டே வந்தது. நான் பாட்டின் சத்தத்தைக் கூட்டி வைத்துக்கொண்டு ஆடினேன்.

புரட்டாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ரஞ்சனி என்னை நிறுத்தினாள். "ஆன்ட்டி, ரைட் கால் கரெக்டா அடிக்குது. லெஃப்ட் லேட்டா வருது. பாட்டைக் கேக்குறீங்களா இல்லையா?"

"காதுக்குக் கேக்குதும்மா. காலுக்குப் போய்ச் சேரல" என்றேன். கிளாஸே சிரித்தது, நானும் சிரித்தேன். பாதங்களைச் சேர்த்து வைத்துக் கண்ணை மூடி நில்லுங்கள் என்றாள். நின்றேன். அடுத்த நொடி சுவர்ப்பக்கம் போய்க்கொண்டிருந்தேன். அவள் ஓடிவந்து தாங்கிப் பிடித்தாள். பிடித்தவள் முகத்தை என் முகத்துக்குக் கிட்டே கொண்டுவந்தாள். அவள் மூக்கு லேசாக விரிந்து சுருங்கியது. என்னை ஓரமாகக் கூட்டிப்போய், "ஆன்ட்டி, தப்பா எடுத்துக்காதீங்க. காலைல ஏதாவது எடுத்துட்டு வந்தீங்களா?" என்றாள்.

"இட்லி எடுத்தேன்" என்றேன்.

"அது இல்ல ஆன்ட்டி. முன்ன சில பேரு கிளாஸுக்கு அப்பிடி வந்துருக்காங்க. அதான் கேட்டேன்."

அவள் கன்னத்தில் ஒன்று விட்டிருப்பேன். கையை அடக்கிக்கொண்டு ஸ்கேட்டைக் கழற்றி, பையில் போட்டு, பஸ் ஏறினேன். கீழ்புத்துப்பட்டு தாண்டும் வரைக்கும் அவளைத் திட்டிக்கொண்டே வந்தேன். அதற்கப்புறம் திட்டுவதை நிறுத்தினேன். அந்த மூக்கு விரிந்து சுருங்குவதை நான் முன்பே பார்த்திருக்கிறேன். லீவுக்கு வீட்டுக்கு வரும்போதெல்லாம், எங்கள் வீட்டு வாசலில், தினமும் சாயந்திரம்.

உன் தாத்தாவை நீ பார்த்ததில்லை. அவரைப் பற்றி உனக்குத் தெரிந்தது ஒன்றுதான்: குடிகாரர். உப்பளத்தில் கூடை சுமந்தவர். பாத்திக்குப் பாத்தி நடுவில் இருக்கும் வரப்பு இரண்டு பாதம் வைக்கிற அகலம்தான். உப்புக் கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு அதில் வரிசையாக ஓட்டமும் நடையுமாகப் போவார்கள், யாரும் கீழே பார்க்க மாட்டார்கள். நாற்பது வயசுக்கு மேல் அவர் கால் வரப்பைவிட்டு விலக ஆரம்பித்தது. ஒரு நாள் கூடையோடு பாத்திக்குள் விழுந்தார். கொஞ்ச நாளில் பேச்சும் குழறியது. மேஸ்திரி அவரைக் கூடை சுமக்கிற வேலையிலிருந்து நிறுத்திவிட்டார். எங்கம்மா அவரை வாசலிலேயே மறித்து "வாய ஊது" என்பாள். அவர் ஊதுவார். இவள் மூக்கைக் கிட்டே கொண்டுபோவாள். வாசனை இருக்காது. "ஏலக்கா மென்னுட்டு வந்துருக்கான் பாரு, எவ்ளோ கெட்டிக்காரத்தனம்" என்பாள். வாசனை வந்திருந்தால்கூட அவரை அவ்வளவு திட்டியிருக்க மாட்டாள். "நெலம் நகருதுடி, நான் என்னா பண்றது" என்று ஒரு நாள் அவர் சொன்னது எனக்கு ஞாபகம் இருக்கிறது. "குடிச்சா நகரத்தான் செய்யும்" என்றாள் அம்மா.

நம் கடற்கரையில் தள்ளாடுகிறவன் குடித்திருக்கிறான். வேறு காரணம் எதுவும் இங்கே யாருக்கும் தெரியாது. எக்கியார்குப்பத்தில் சாராயச் சாவு விழுந்த பிறகு இது இன்னும் இறுகிப்போனது, கால் இடறியவனை எல்லாம் ஊர் திரும்பிப் பார்க்கிறது. உன் தாத்தா ஒரு மழைக்காலத்தில் முழங்கால் ஆழத் தண்ணீர் ஓடிய வாய்க்காலில் குப்புறக் கிடந்தார். குடித்துவிட்டு விழுந்துவிட்டான் என்று சொல்லி எடுத்துப் போட்டார்கள். கருமாதிப் படையலில் செத்தவருக்குப் பிடித்ததை வைக்க வேண்டும் அல்லவா, அவருக்கு ஒரு பாட்டில் சரக்கு வைத்தார்கள். அன்றிலிருந்து ஒவ்வொரு அமாவாசைப் படையலுக்கும் வைக்கிறோம். இந்த ஆடி அமாவாசைக்கு நீதான் பைக்கில் போய் வாங்கி வந்தாய். "தாத்தா பிராண்ட் என்னம்மா?" என்று கேட்டாய், எல்லாரும் சிரித்தோம். அவர் படத்துக்கு முன்னால் அதைத் திறந்து வைத்துக் கும்பிட்டோம்.

பஸ்ஸில் உட்கார்ந்து யோசித்தேன். அவர் குடித்து நான் பார்த்திருக்கிறேனா? எந்தக் கடையில், யாரோடு, எந்தச் சாயந்திரம்? ஒன்றுமே கிடைக்கவில்லை. மறு வாரம் பாண்டியில் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனேன். அந்த டாக்டரம்மா என்னைக் கோட்டின் மேல் குதிகாலோடு விரலை ஒட்டி ஒட்டி நடக்கச் சொன்னார். அவர் விரலையும் என் மூக்கையும் மாற்றி மாற்றித் தொடச் சொன்னார். தலையை ஸ்கேன் எடுத்தார்கள். "உங்க வீட்ல வேற யாருக்காவது இந்த மாதிரி நடை இருந்துச்சா?" என்று கேட்டார்.

"இல்லைங்க மேடம். எங்கப்பா தள்ளாடுவாரு. ஆனா அவரு குடிப்பாரு."

"நீங்க பாத்துருக்கீங்களா?"

"ஊரே சொல்லும்ங்க."

"ஊரு சொல்றது இருக்கட்டும்மா. நீங்க பாத்தீங்களா?"

இல்லை என்றேன். சொன்ன பிறகு அழுதேன், பிரபு. அந்த வெள்ளைச் சுவர் ரூமில் யாரென்று தெரியாத ஒரு பெண்ணுக்கு முன்னால், எங்கப்பாவுக்காக முதல் தடவையாக அழுதேன். செத்தபோது அழவில்லை. வெட்கம்தான் இருந்தது அப்போது.

தலைக்குப் பின்பக்கம் சிறுமூளை என்று ஒன்று இருக்கிறதாம், நிற்க நடக்க அதுதான் பிடிமானம். எனக்கு அது சுருங்கிக்கொண்டு வருகிறது. மெதுவாகத்தான் வரும், ஆனால் வந்துகொண்டே இருக்கும். முதலில் நடை, அப்புறம் பேச்சு, அப்புறம் கை. நிறுத்த மருந்து இல்லை. பயிற்சி செய்தால் கொஞ்ச நாள் கூடுதலாகக் காலில் நிற்கலாம். ரத்தத்தையும் பரிசோதித்து, இது குடும்பத்தில் இறங்கி வருகிற வகைதான் என்று உறுதி செய்தார்கள். அப்பா அம்மாவில் ஒருவருக்கு இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் வரலாம், வராமலும் போகலாம், பூவா தலையா போடுகிற மாதிரி என்றார். "சில வீடுகள்ல அடுத்த தலைமுறைக்குக் கொஞ்சம் முன்னாடியே ஆரம்பிக்கும்" என்றபோது அவர் என்னைப் பார்க்கவில்லை, பேப்பரைப் பார்த்துக்கொண்டிருந்தார். எத்தனை பிள்ளைகள் என்று கேட்டார். ஒருத்தன்தான் என்றேன். வயசு கேட்டார். "இருபத்தெட்டுங்க. தையில கல்யாணம்" என்றேன். அவர் பேனாவை மூடிக் கீழே வைத்தார்.

அடுத்து என் கூடப் பிறந்தவனை, உன் செல்வம் மாமாவைக் கூட்டிப் போனேன். வரவே மாட்டேன் என்றான், திட்டித்தான் பஸ் ஏற்றினேன். என்னைவிட அவனுக்கு முற்றிப்போயிருக்கிறது. டாக்டரம்மா சொல்லி முடித்ததும் அவன் கேட்டான்: "அப்ப நான் குடிகாரன் இல்லையா மேடம்?"

"குடிக்கிறீங்களா?"

"குடிக்கிறேங்க. ஆனா தள்ளாட்டம் வந்த அப்புறந்தான் ஆரம்பிச்சேன். எப்பிடியும் திட்டுறாங்க, குடிச்சுட்டே வாங்கிக்கலாம்னு."

சாராயச் சாவு நடந்த சமயம் பக்கத்து வீட்டுக்காரர்கள் அவனையும் "நீயும் குடிச்சுட்ட, ஏறுடா" என்று ஆட்டோவில் தள்ளி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனது உனக்கு ஞாபகம் இருக்கும். நாமும் உட்கார்ந்து சிரித்தோமே அந்தக் கதையை. அன்றைக்கும் அவன் தொடவில்லையாம்.

இப்போது உன் நிச்சயதார்த்தத்துக்கு வருகிறேன். ஆவணியில், திண்டிவனத்தில், கௌசல்யா வீட்டு வாசற்படி. உன் அப்பா இல்லாத வீடு என்பதால் மாமாதான் முன்னால் தட்டு எடுத்துப் போனான். படியில் கால் தப்பி, மாதுளையும் ஆப்பிளும் உருண்டோட, சம்பந்தியின் மேலேயே போய் விழுந்தான். நீ அவன் சட்டையைப் பிடித்துத் தூக்கி, "மாமா, இன்னைக்குக்கூடவா?" என்றாய். "இல்லடா பிரபு, தொடக்கூட இல்லடா, மோந்து பாருடா" என்று அவன் உன் முகத்தில் ஊதினான். நீ முகத்தைத் திருப்பிக்கொண்டு அவனை ஆட்டோவில் ஏற்றி அனுப்பினாய். கல்யாணத்தில் அந்த ஆள் மேடை ஏறக்கூடாது என்று மறுநாள் என்னிடம் கண்டிப்பாகச் சொன்னாய். உன்னைக் குற்றம் சொல்லவில்லை. எங்கம்மா எனக்குக் கொடுத்த கண்ணைத்தானே நான் உனக்குக் கொடுத்திருக்கிறேன். ஆனால் தாய்மாமன் மாலை போடாமல் என் பிள்ளைக்குக் கல்யாணம் நடக்காது. அவன் மேடை ஏறுவான். ஏறும்போது நீயே கையைப் பிடித்து ஏற்ற வேண்டும், ஊர் பார்க்க.

அன்றைக்குச் சாப்பாட்டுக்குப் பிறகு உன் நண்பர்கள் பாட்டுப் போட்டு ஆடினார்களே, அந்த வீடியோவை நான் எப்போதும் போட்டுப் பார்ப்பேன். வெள்ளைச் சட்டையில் அவ்வளவு அழகாக இருக்கிறாய். ஆஸ்பத்திரிக்குப் போய் வந்த பிறகு ஒரு நாள் பார்த்தபோது என் கண் உன் முகத்துக்குப் போகவில்லை, காலுக்குப் போனது. கிளாஸில் வந்த பழக்கம் அது, இப்போது யார் ஆடினாலும் காலைத்தான் பார்க்கிறேன். உன் வலது கால் தாளத்தில் விழுகிறது. இடது கால் ஒரு மயிரிழை பிந்தி வருகிறது. புது ஷூ என்று சொல்லிக்கொண்டேன். தரையில் ஜூஸ் கொட்டியிருந்தது என்று சொல்லிக்கொண்டேன். உப்புக்கல்லைத் தேடி நான் தரையைத் துடைத்த மாதிரிதான் இதுவும். கடைசியில் ரஞ்சனியிடம் காட்டினேன். அவள் விஷயம் தெரிந்த பிறகு என்னைக் கட்டிக்கொண்டு அழுதவள், நல்ல பெண். இது யார் என்று சொல்லாமல், ஆட்டம் எப்படி என்று மட்டும் கேட்டேன். கொஞ்ச நேரம் பார்த்தாள். "இவரு உங்க வீட்டு ஆளா ஆன்ட்டி?" என்றாள். நான் போனைப் பிடுங்கிப் பையில் போட்டுக்கொண்டேன்.

நான் டாக்டர் இல்லை, ரஞ்சனியும் இல்லை. புது ஷூவாகவே இருக்கட்டும். அப்படி இருந்தால் உன் கல்யாணத்தன்று மண்டபத்தில் சக்கரம் கட்டிக்கொண்டு ஆடி உன் மானத்தை வாங்குகிறேன். ஆனால் தெரிந்துகொள்ளாமல் இருக்காதே. ரத்தம் கொடுக்கும் முன்னால் உட்கார வைத்துப் பேசுவார்கள், பொறுமையாகக் கேட்டுக்கொள். ரிசல்ட் வர நாளாகும். இனிமேல் நண்பர்களோடு போனாலும் ஒரு சொட்டுத் தொடாதே, இருக்கிற பிடிமானத்தையும் அது கெடுக்குமாம். படியில் கைப்பிடியைப் பிடித்து இறங்கு, யார் பார்த்தாலும் பிடி. உன் தாத்தா பிடித்துக்கொள்ள வெட்கப்பட்டுத்தான் வரப்பின் நடுவில் நடந்தார் என்று இப்போது எனக்குத் தோன்றுகிறது. விழுந்தாலும் பரவாயில்லை. ஸ்கேட்டிங்கில் முதலில் விழத்தான் சொல்லித் தருவார்கள், முட்டியை மடக்கு, எந்தப் பக்கம் போகிறதோ அந்தப் பக்கமே போய் உட்கார். கையை ஊன்றித் தடுக்கப் பார்க்கிறவர்களுக்குத்தான் எலும்பு முறியும்.

நான் ஆடுவதை விடவில்லை. டாக்டரம்மாவிடம் கேட்டேன், பிடித்துக்கொண்டு, ஹெல்மெட் போட்டுக்கொண்டு ஆடலாம் என்றார். ஷெட்டில் தூணுக்குத் தூண் கயிறு கட்டியிருக்கிறேன். மாமா நாற்காலியில் உட்கார்ந்து தாளம் தட்டுகிறான், அவன் தட்டுவதே கோணலாக விழுகிறது, அதற்கும் சேர்த்துத் திட்டிக்கொண்டே ஆடுகிறேன். கால் மாற்றிப் பின்னிப் போகிற ஸ்டைல் இனி வராது, விட்டுவிட்டேன். மெதுவாகச் சுற்றி வருவது வரும். ஒரு நாள் அதுவும் போகும். எனக்கு அதில் பயம் இல்லை என்று எழுதினால் பொய். ஷெட்டுக்கு வெளியே மழைத் தண்ணீர் வரப்பெல்லாம் மூடி நிற்கிறது, எங்கே பாத்தி எங்கே வாய்க்கால் என்று அடையாளமே இல்லை. அதைப் பார்த்துக்கொண்டு நிற்க இப்போதெல்லாம் என்னால் முடிவதில்லை. கதவைச் சாத்திவிடுகிறேன்.

இவ்வளவும் தெரிந்தும், கல்யாணம் முடியட்டும் என்று என் மனசு சொல்லிக்கொண்டே இருந்தது. ஒரே பிள்ளை, நல்ல பெண், அமைந்த இடம். யாருக்குத் தெரியப்போகிறது என்று. இன்று காலை கௌசல்யா போன் பண்ணினாள். பிளவுஸ் அளவைப் பற்றி ஏதோ கேட்டாள். நான் பதில் சொன்ன பிறகும் வைக்கவில்லை.

"அத்தை, ஒண்ணு கேக்கணும். கோச்சுக்காதீங்க. மறைக்காம சொல்லுங்க. அவரு குடிப்பாரா?"

"ஏம்மா அப்பிடிக் கேக்குற?"

"பட்டு எடுக்கப் போனமில்ல, அன்னைக்குக் கடைப் படியில எறங்கும்போது தடுமாறிட்டாரு. என்னான்னு கேட்டா, தூக்கம் இல்லன்னாரு. அப்புறம் பார்க்கிங்லயும் ஒருக்கா சுவத்தைப் பிடிச்சாரு. எங்கப்பாவும் பாத்துட்டாரு. வீட்ல வந்து ஒரே பேச்சு."

படியில் தடுமாறியதை நீ என்னிடம் சொல்லவே இல்லை. சொல்லாமல் வைத்துக்கொள்வதில் நீ என் பிள்ளைதானே. ஒரு நிமிஷம், ஒரே ஒரு நிமிஷம், "ஆமாம்மா, எப்பவாவது ஃப்ரெண்ட்ஸோட குடிப்பான், கல்யாணம் ஆனா சரியாப் போயிடும்" என்று சொல்லிவிடலாமா என்று நினைத்தேன். அதைச் சொல்லியிருந்தால் அவள் அழுதிருப்பாள், அப்புறம் மன்னித்திருப்பாள், தையில் கல்யாணம் நடந்திருக்கும். உன்னைக் குடிகாரன் என்று சொல்லிவிடுவது அவ்வளவு சுலபமாக இருந்தது, பிரபு.

"இல்லம்மா" என்றேன். "அவன் குடிக்க மாட்டான்."

"அப்ப வேற என்ன அத்தை?"

"அத அவனே சொல்லுவான். ஞாயித்துக்கிழமை வீட்டுக்கு வருவான். நீ இரு."

அவள் சரிங்க அத்தை என்று வைத்துவிட்டாள். இன்று வியாழன். கூரியர் நாளை சாயந்திரம் உன் கைக்கு வந்துவிடும். சனிக்கிழமை ராத்திரிக்குள் ஊருக்கு வந்து சேர். ஞாயிறு காலை திண்டிவனம் பஸ்ஸில் நானும் மாமாவும் உன்னோடு வருகிறோம், ஆளுக்கொரு பக்கம் உன்னைப் பிடித்துக்கொள்ள அல்ல, எங்கள் இரண்டு பேர் நடையையும் அவள் பார்க்க வேண்டும் என்பதற்காக. நாங்கள் அவள் வீட்டுக் கூடத்தில் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு நடந்து காட்டுகிறோம். அதற்கப்புறம் நீ எழுந்து நட.